கீழ் இடது கடைவாய்ப்பல்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். நனையவும் விடாது, காயவும் விடாது. மந்தைவெளியில் ஒன்பது சிலிண்டர், ராஜா அண்ணாமலைபுரத்தில் பதினொன்று. அதில் மூன்றாம் மாடி நாலு. ஒரு வீட்டில் லிஃப்ட் இருக்கிறது. அதில் மனிதர் மட்டும்தான் ஏறலாமாம். சிலிண்டரும் நானும் படி.

வாங்க: தேங்காய் எண்ணெய். சரளா செருப்புக்குத் தையல். குடை (போன மாதமும் இதே வரி).

மூன்றே முக்காலுக்கு நித்யா போன். ஒரே மகள். பல் டாக்டர் படிப்பு, கடைசி வருஷம். காலேஜ் நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை.

"அப்பா, கையில ஊசி குத்திடுச்சுப்பா."

"தேங்காய் எண்ணெய் வை" என்றேன். முள், ஆணி கணக்காக நினைத்துவிட்டேன். பத்தாவதில் அறிவியலை மூன்று தடவை சந்தித்துப் பிரிந்தவன். அதற்கு மேல் எட்டாது.

நடந்தது, சாயங்காலம் அவள் சொன்னபடி: ஒரு ஆளுக்குக் கீழ் இடது கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டும். மரத்துப்போக இவள் ஊசி போட்டாள். போட்டு முடித்து ஊசிக்கு மூடி மாட்டும்போது அந்த ஆள் ஏதோ கேட்டிருக்கிறார். இவள் நிமிர்ந்திருக்கிறாள். ஊசி கையுறையைத் துளைத்து இடது கட்டைவிரலில். உடனே ஓடுகிற தண்ணீரில் கழுவி, மேடத்திடம் சொல்லி, எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறாள். இன்னொருவர் பல்லைப் பிடுங்கி அனுப்பிவிட்டார். இவள் ஆளைத் தேடி வருவதற்குள் அவர் பஞ்சைக் கடித்துக்கொண்டு போயே போய்விட்டார்.

அவர் ரத்தத்தைப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். பார்க்க ஆள் இல்லை.

கல்லீரல் மஞ்சள் காமாலைக்கு மூன்று தடுப்பூசி முன்னாடியே போட்டிருக்கிறாள், அதில் பயமில்லையாம். பயம் மற்றதில். எழுதக் கை வரவில்லை. எச்.ஐ.வி. எழுதிவிட்டேன். அந்த ஆளுக்கு இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. அதனால் இருபத்தெட்டு நாள் மாத்திரை. முதல் மாத்திரை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட்டார்கள்.

"அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?" என்று கேட்டேன்.

"அம்மாகிட்டதான் முதல்ல சொன்னேன். நீ அழுவேன்னு உன்கிட்ட கடைசியா சொல்றேன்."

அழவில்லை. சிலிண்டர் தூசி.

நவம்பர் 5, புதன்

வெயில், நடுநடுவே மேகம். நித்யா காலேஜ் போகவில்லை. (எனக்குக் கை வலி. இனி நி. என்றே எழுதுகிறேன்.)

காலையில் தோசை நின்றது பத்து நிமிஷம். பிறகு வாஷ்பேசினில். சரளா முதுகைத் தடவிக்கொண்டே, "கொஞ்சம் கஞ்சி?" "வேணாம்மா." "ஒரு பிஸ்கட்?" "அம்மா, ப்ளீஸ்."

மாத்திரையால் கனவு வருகிறதாம். அப்படி வரும் என்று டப்பாவில் இருந்த தாளிலேயே அச்சடித்திருக்கிறார்களாம். என்ன கனவு என்றேன். கொட்டிவாக்கம் கடற்கரை. அலை ஒதுங்கும்போது கிளிஞ்சலுக்குப் பதில் பல்லாக ஒதுங்குகிறது. இவள் வெள்ளைக் கோட்டோடு குந்தி ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதுகிறாள். அடுத்த அலை வந்து அழித்துவிடுகிறது. தண்ணீர் மட்டும் பால் போல வெதுவெதுப்பாக இருந்ததாம். "பயமா இல்லப்பா, அதான் ஆச்சரியம். அங்கயே இருந்துடலாம் போல இருந்துச்சு."

அடுத்த மாதம் பரீட்சை. படுத்தபடியே புத்தகத்தைச் சத்தமாகப் படித்தாள். எதிர்க் கண்ணாடியில் நான் சவரம். "கிருமி குடியிருக்கற இடம். அது வெளிய வர்ற வழி. பயணம் பண்ற வழி. உள்ள நுழையற வாசல். இடம் குடுக்கற உடம்பு. சங்கிலி மாதிரி. ஒரு கண்ணி அறுந்தா போதும், நோய் நின்னுடும்." இங்கிலீஷில் படிப்பாள், எனக்காகத் தமிழில் ஒருமுறை சொல்வாள். சின்ன வயசிலிருந்து அப்படித்தான். அவள் பாஸ் ஆவாள், நான் கேட்டதோடு சரி.

யோசித்தால் நம் தொழிலும் அதுதான். சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப், அடுப்பு, தீக்குச்சி. எங்கேயாவது ஓரிடத்தில் நிறுத்த வேண்டும். சோப்புத் தண்ணி தடவி முட்டை முட்டையாக வருகிறதா என்று பார்க்கிறேனே, அதற்கு அவள் புத்தகத்தில் ஒரு பெயர் இருக்குமோ. இருபத்திநாலு வருஷமாக நானும் பொது சுகாதாரத்துறையில் இருந்திருக்கிறேன். சம்பளம்தான் வேறு துறை.

புத்தகத்தை மூடிவிட்டு நி. சொன்னது: "பரீட்சை எழுதறேன்பா. ஆனா இனிமே ஊசியைத் தொட மாட்டேன்."

பல் டாக்டர் ஊசியைத் தொடாமல் என்ன செய்வது? முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

நவம்பர் 6, வியாழன்

காலேஜில் அந்த ஆளின் சீட்டில் இருந்த போன் நம்பருக்கு அடித்துப் பார்த்தார்களாம், ஸ்விட்ச் ஆஃப். முகவரிக்கு ஆள் அனுப்பினார்களாம். "அப்படி ஒரு தெருவே இல்ல" என்று திரும்பி வந்தாராம். நி. போனில் யாரிடமோ பேசுவதை இட்லியோடு கேட்டேன். ஏழுமலை, வயது நாற்பத்தாறு, அடையாறு ஆற்றோரம், பாலத்துக்குக் கீழே மூன்றாவது சந்து.

அந்தச் சந்து இல்லைதான். ஆனால் எனக்குத் தெரியும். தலையில் சிலிண்டரோடு குனிந்து போன சந்து. நிமிர்ந்தால் ஓடு இடிக்கும்.

என் முகத்தைப் பார்த்தே நி. கண்டுபிடித்துவிட்டாள். "அப்பா, நீ தேடிப் போகக் கூடாது. நோயாளி விவரம் வெளிய போகவே கூடாது. எனக்குத்தான் கெட்ட பேரு."

"தேடலம்மா. சும்மா நினைச்சுப் பார்த்தேன்."

"நினைக்காத."

மதியம் இம்தியாஸ் பாயிடம் வண்டியை ஆற்றுப் பக்கம் விடச் சொன்னேன். வண்டி அவர் ஓட்டுவார், நான் தூக்குவேன். பதினோரு வருஷக் கூட்டு. "அங்க யாருக்குய்யா சிலிண்டர்?" என்றார். மூச்சு வாங்க வேண்டும் என்றேன். நம்பவில்லை. விட்டார்.

சுவர். சுவருக்கு உள்ளே நடைபாதை, வரிசையாகச் செடி, உட்கார பெஞ்ச். ஒரு நாய் மட்டும் பழைய ஞாபகத்தில் இருப்பது போல, சந்து இருந்த வளைவில் வளைந்து போனது. நேராகப் போகலாமே அதற்கு.

போன வருஷம் நி. சொன்னது ஞாபகம் வந்தது. பல்லில் படிகிற மஞ்சள் அழுக்கு இல்லையாம், ஊராம். முதலில் ஒரு வகைக் கிருமி வந்து இடம் பிடிக்குமாம். அது பிடித்த இடத்தில் அடுத்த வகை. பிறகு தெருவாகி, தண்ணீர் போக வாய்க்கால் கூட விட்டுக்கொள்ளுமாம். தினம் காலையில் பிரஷ்ஷால் இடித்துத் தள்ளுகிறோம். மதியத்துக்குள் அதே இடத்தில், அதே வரிசையில் திரும்பக் குடியேறிவிடுகிறதாம். கிருமிக்கு இருக்கிற கெட்டிக்காரத்தனம் மூன்றாவது சந்துக்கு இல்லை. ஒரே நாளில் லாரி ஏறினார்கள், ஊருக்கு வெளியே அரசாங்க அடுக்குமாடிக்கு. பெரும்பாக்கம். யாரும் திரும்பி வரவில்லை.

கண்ணை மூடினேன். மண்ணெண்ணெய் வாசம், ஆற்று வாசம், யார் வீட்டிலோ வறுக்கிற நெத்திலி. எவ்வளவு நேரமோ. பாய் ஹாரன் அடித்தார். "மூச்சு வாங்கிட்டியா, இல்ல இன்னும் பாக்கி கீதா?"

நவம்பர் 7, வெள்ளி

அடைமழை. தார்ப்பாயில் ஓட்டை.

எல்லார் வாயையும் பார்க்கிறேன். ஓ.டி.பி. நம்பர் சொல்ல வாயைத் திறக்கிறார்கள் அல்லவா, என் கண் நேராகக் கீழ் இடதுக்குப் போகிறது. காலையிலிருந்து கணக்கு: தங்கம் கட்டியவர் ஒருவர், பள்ளம் இரண்டு, வெற்றிலை மூன்று, சொல்லும்படி ஒன்றுமில்லாத நல்ல வாய்கள் நிறைய.

மயிலாப்பூரில் ஒரு மாமா: "ஏம்ப்பா, நம்பரை எழுதிக்காம என் வாயையே பாத்துண்டு நிக்கறே?"

"மழைச் சத்தம் மாமா. உதட்டைப் பார்த்தாத்தான் புரியுது."

உள்ளேயிருந்து மாமி: "அடுத்தாத்துல நேத்தே வந்துடுத்தாம். நமக்குத்தான் எப்பவும் கடைசி."

அந்த வீட்டு கேஸ் புத்தகம் மாமாவின் அப்பா பேரில். அவர் போய் இருபது வருஷம் இருக்கும். இன்றைக்கும் அவருக்குத்தான் சிலிண்டர் போகிறது. எங்கள் தொழிலில் பேர் ஒன்று, அடுப்பு மூட்டுகிறவர் ஒன்று.

நி. இரண்டு இட்லி சாப்பிட்டாள். நின்றது. சரளா பிள்ளையாருக்கு விளக்கு.

நவம்பர் 9, ஞாயிறு

லீவு. "நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோவிலுக்குப் போயிட்டு வரேன்" என்று கிளம்பினேன். நி. நிமிர்ந்து பார்த்தாள். "வடைமாலை வாங்கிட்டு வா" என்றாள். அதோடு மாட்டிக்கொண்டேன்.

பெரும்பாக்கம் பஸ்ஸில் ஜன்னல் சீட். மழை விட்ட வானம். இரண்டு பக்கமும் தேங்கிய தண்ணீரில் கட்டடங்கள் தலைகீழாக நின்றன. பாதித் தூக்கம். ஏழுமலை என்கிற பேரில் மலையாக ஒரு ஆள் கதவைத் திறந்து, வாயைத் திறந்து, உள்ளே ஒரு தெரு, அதில் நான் சிலிண்டரோடு வீடு தேடுகிறேன். கண்டக்டர் தோளைத் தட்டினார். மாத்திரை அவளுக்கு, கனவு எனக்கு.

அங்கே பேர் சொல்லிக் கேட்டால் யாரும் வாயைத் திறக்கவில்லை. யார் என்ன கேட்டு வந்திருக்கிறானோ. "மூணாவது சந்துக்குக் கேஸ் போட்டவன்" என்றேன். உடனே ஒரு அம்மா, "அட, நம்ம கேஸ்காரரு! தலையில துண்டு கட்டிக்கினு வருவியே! இன்னா, முடியெல்லாம் எங்க போச்சு?" மூன்று பேர் வழி காட்டினார்கள். ஏழாவது மாடி. லிஃப்ட் இல்லை, இருக்கிறது, ஓடவில்லை. கையில் சிலிண்டர் இல்லாமல் ஏழு மாடி ஏறுவது எனக்கு என்னவோ திருட்டுத்தனம் போல இருந்தது.

ஏழுமலை ஒல்லி. பனியன், லுங்கி. டீ கொடுத்தார். எதற்கு வந்தேன் என்று முழுசாகச் சொல்லக் கூடாதே. "பல் புடுங்கின இடம் ஆறிடுச்சான்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க" என்றேன். வாயை மூடிக்கொண்டார்.

"சும்மா திறங்க, பாக்கறேன்."

"நீ கேஸ்காரன்தான? பல்லு டாக்டர் வேலையும் பாக்கறியா?"

"பார்ட் டைம்."

சிரித்துவிட்டார். சிரிப்பில் பார்த்தேன். கீழ் இடது. மேல் இடது. எல்லாம் வரிசையாக, வெள்ளையாக, ஒன்று குறையாமல். பள்ளம் கூட இல்லை. தப்பான ஏழுமலையா? பேர், வயசு, சந்து எல்லாம் சரி.

அப்போதுதான் என் தொழில் புத்தி வேலை செய்தது. புத்தகத்தில் பேர் ஒன்று. அடுப்பில் நிற்கிறவர்?

"சீட்டு உங்க பேர்ல. நாற்காலில உக்காந்தது யாரு?"

ஏழுமலை வாசலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், டீயைப் பார்த்தார். அவர் மனைவி சமையலறையிலிருந்தே, "சொல்லித் தொலையேன். எங்க அண்ணன்தான் கேஸ்காரரே. இது பல்லு நோவுதுன்னு விடியற்காலையிலயே போய் வரிசையில நின்னுச்சு. தொணைக்கு அவரையும் இட்டுக்கினு போச்சு. சீட்டும் வாங்கிச்சு. உள்ள ஒருத்தன் கத்தற சத்தம் கேட்டதும் இதுக்கு நோவு போயிடுச்சாம்!"

"நெஜமாவே போயிடுச்சு" என்றார் ஏழுமலை. "அவ்ளோ நேரம் நின்னு வாங்கின சீட்டு. வீணாப் போவலாமா? மச்சானுக்கு ஒரு மாசமா கன்னம் வீங்கிக்கினு கீது. நீ போடான்னு உட்டுட்டேன். பேரு கூப்ட்டா ஏந்து போன்னு சொன்னேன். தப்பா நைனா?"

தப்பா என்று எனக்கே தெரியவில்லை. நான் அங்கே நின்றிருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

போன் ஏன் ஸ்விட்ச் ஆஃப் என்றேன். "மச்சான் வந்து சொன்னான், அங்க ஏதோ கசாமுசான்னு ஆச்சு, ஆளைத் தேடறாங்கன்னு. பேரு மாத்திப் போனதுக்கு போலீஸ்ல குடுத்துருவாங்கன்னு பயந்துட்டோம்."

மச்சான் பேர் தேவராஜ். பேண்டு செட்டில் டிரம்பெட். கல்யாணம், சாவு, கட்சி ஊர்வலம். ஆள் எங்கே? "பகல்ல மயிலாப்பூருலதான். குளத்துக்கு அந்தாண்ட பேண்டு கடை வாசல்ல குந்திக்கினு இருப்பான்."

என் வீட்டிலிருந்து பத்து தெரு. ஒன்றரை மணி நேரம் பஸ், ஏழு மாடி, இதைத் தெரிந்துகொள்ள.

வடைமாலைக்குப் பதில் மெதுவடை ஆறு, பொட்டலம் கட்டி.

நவம்பர் 10, திங்கள்

காலையில் சொல்லிவிட்டேன். நி. கத்துவாள் என்று தெரியும், கத்தினாள். "உன்னை என்ன சொன்னேன்? நாளைக்கு அவர் போய் 'என் விவரத்தை எப்படிக் குடுத்தீங்க'ன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" சரளா நடுவில் வந்து, "திட்டினது போதும். கண்டுபிடிச்சாரா இல்லையா, அதைக் கேளு." எனக்குக் கட்சி கிடைத்தது.

விவரம் சொன்னேன். சீட்டு மாறிய கதைக்கு நி. சிரிக்கவில்லை. டிரம்பெட் என்றதும் கை நின்றுவிட்டது.

"அதான்பா அவர் கேட்டாரு. 'எப்போலேர்ந்து ஊதலாம்?'னு. அதுக்குத்தான் நிமிர்ந்தேன். பதில் சொல்றதுக்குள்ள குத்திடுச்சு." கட்டைவிரலைத் தடவிப் பார்த்தாள். "யாருமே அவருக்குப் பதில் சொல்லலப்பா. கண்டிப்பா ஊதியிருப்பாரு."

பல் பிடுங்கின குழியில் ரத்தம் உறைந்து மூடி போலக் காக்குமாம். ஊதினால், உறிஞ்சினால் அந்த மூடி கழன்று எலும்பு வெறுமனே நிற்குமாம். காது வரைக்கும் வலி போகுமாம். சொல்லும்போது அவள் முகம் மாறியது. ஆறு நாளாகப் பார்க்காத முகம்.

"அவரை வரச் சொல்லுப்பா. முதல்ல வலிக்கு மருந்து வெக்கணும். ரத்தம் அப்புறம். எதுக்குன்னு நேரா சொல்லு, பொய் சொல்லாத. அவர் சரின்னாத்தான். இல்லன்னா விட்டுடணும். புரியுதா?"

புரிகிறது. அவர் மாட்டேன் என்றால் இன்னும் இருபத்திரண்டு மாத்திரை. அதற்கு அப்புறமும் ரத்தம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், மாதக்கணக்கில்.

பகலெல்லாம் தூறல். பட்டினப்பாக்கத்தில் மாடி வீட்டிலிருந்து கடல் தெரிந்தது. கடலும் வானமும் ஒரே சாம்பல், நடுவில் கோடே இல்லை. வீட்டுக்காரம்மா வந்து, "என்ன, கடல் இன்னைக்குத்தான் பாக்கறீங்களா?" இன்றைக்குத்தான் பார்த்தேன் என்பது போலத்தான் இருந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

மதியம் பேண்டு கடை. கண்ணாடி அலமாரியில் சிவப்புச் சட்டைகள், தங்க ஜரிகை. வாசல் பலகையில் ஆறு பேர். ஐந்து பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆறாவது ஆள் டிரம்பெட்டை மடியில் குழந்தை போலக் கிடத்திக்கொண்டு, கன்னத்தில் கைக்குட்டை. கேட்கவே வேண்டாம்.

ஓரமாகக் கூப்பிட்டு, யார் என்று சொன்னேன். ஓடப் பார்த்தார். "போலீஸ் இல்ல, பொண்ணோட அப்பா" என்றதும் நின்றார்.

"எந்தப் பொண்ணு? வெள்ளை கோட்டு போட்டுக்கினு 'வலிக்குதாண்ணா, வலிக்குதாண்ணா'ன்னு கேட்டுக்கினே இருந்துச்சே, அதுவா?"

"அதான்."

"அதுக்கு இன்னா?"

சொன்னேன். உங்களுக்குப் போட்ட ஊசி அவ கையில் குத்திடுச்சு. எச்.ஐ.வி. இல்லைன்னு தெரியற வரைக்கும் மாத்திரை. மாத்திரை சாப்பிட்டா வாந்தி. உங்க ரத்தத்தைப் பார்த்தா உடனே தெரிஞ்சுடும்.

முகம் சிவந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினார், அதுதான் பயமாக இருந்தது. "எனுக்கு அது கீதுன்னு சொல்றியா? இன்னா மாரி ஆளுன்னு நெனச்ச? சாவுக்கு ஊதறவன்னா அவ்ளோ கேவலமா?"

"உங்களுக்கு இருக்குன்னு சொல்லல. யாரா இருந்தாலும் கேப்பாங்க. எனக்குப் பல் புடுங்கியிருந்தாலும், மந்திரிக்குப் புடுங்கியிருந்தாலும் கேப்பாங்க."

"மந்திரிகிட்ட கேட்டுப் பாரேன்!"

அவர் பலகைக்குத் திரும்பினார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். போகச் சொல்லவில்லை. பத்து நிமிஷம். குளத்துப் பக்கமிருந்து ஈரக் காற்று. ஒரு புறா அலமாரி மேல் உட்கார்ந்து டிரம் ஒன்றைக் கொத்திப் பார்த்தது. டொக். மறுபடி டொக். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். உலகத்தில் வேறு எந்த வேலையும் இல்லாதது போல இருந்தது.

"ஊதினீங்களா?" என்றேன் மெதுவாக.

"மறுநாளே. சாவு. போவாம முடியாது. ஊதினேன், வாயெல்லாம் ரத்தம். அன்னிலேர்ந்து காதுக்குள்ள ஆணி அடிக்கறா மாரி கீது."

"எப்போ ஊதலாம்னு நீங்க கேட்டீங்களாம். பதில் சொல்லத்தான் நிமிர்ந்தாளாம், அப்போதான் குத்திச்சு. பதில் சொல்லாம விட்டுட்டோமேன்னு நேத்திக்கு வருத்தப்பட்டா. மருந்து வெச்சா வலி அடங்கிடுமாம். ரத்தம் குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம், மருந்துக்கு வாங்கன்னு சொன்னா."

தேவராஜ் டிரம்பெட்டின் வாயைக் கைக்குட்டையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணு பண்ணு. நீயும் குத்திக்கோ."

"நானா?"

"ஆமா. நான் மட்டும் போய் கைய நீட்டினா அங்க இருக்கறவனுங்க ஒரு மாரி பாப்பானுங்க. நீயும் பக்கத்துல நீட்டு. யாரு கேட்டாலும் ரெண்டு பேருக்கும்னு சொல்லிக்கலாம். உனுக்குப் பயம் இல்லன்னா எனுக்கும் இல்ல."

"பயம் என்ன பயம்" என்றேன். வண்டிக்குத் திரும்பி வரும் வழியிலேயே பயம் வந்துவிட்டது. ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் பட்டியல் ஓடுகிறது: பழைய சலூன் பிளேடு. அம்மை வந்தபோது போட்ட ஊசி. கல்யாணமான புதிதில் திருவிழாவில் கையில் "சரளா" என்று பச்சை குத்தியது. எனக்கு முன்னால் அதே ஊசியில் பதினைந்து பேராவது இருப்பார்கள், எல்லாருக்கும் ஏதோ ஒரு சரளா.

நேற்று அவரிடம் கேட்கப் போகிறோம் என்று எவ்வளவு சுலபமாக நினைத்தேன்.

இம்தியாஸ் பாய்: "இன்னாய்யா, மூஞ்சி காலி சிலிண்டர் மாரி கீது?"

நவம்பர் 12, புதன்

ஒன்பது + பதினாலு. முழங்கால். நி. கனவு இன்றும்: யாரோ ஒரு பெரிய வாயில் விளக்கு ஏற்றிக்கொண்டே போகிறார்களாம், பல்லுக்கு ஒன்றாக, கார்த்திகை மாதிரி. "அழகா இருந்துச்சுப்பா. நான் வெளிய நின்னு பாத்துட்டு இருந்தேன். உள்ள போகவே இல்ல."

சரளாவிடம் என் ரத்தப் பரிசோதனை பற்றிச் சொன்னேன். "இருந்தா என்ன பண்ணுவே?" என்றேன். "மாத்திரை வாங்கிக் குடுப்பேன். வேற என்ன பண்றது, தூக்கியா போட முடியும்?" என்றாள், கீரை ஆய்ந்துகொண்டே.

நவம்பர் 13, வியாழன்

அரை நாள் லீவு. வெயில். காலேஜ் வாசலில் தேவராஜ் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய். ஏழுமலையும் கூட, துணைக்கு. "இந்தத் தபா சீட்டு அவன் பேர்லதான்" என்று இரண்டு தடவை சொன்னார்.

நி.யும் வந்திருந்தாள். ஒன்பது நாளுக்குப் பிறகு காலேஜ். கோட் போடவில்லை, கையில் மடித்து வைத்திருந்தாள். தேவராஜைப் பார்த்து, "சாரிண்ணா" என்றாள். "எதுக்கும்மா? எனுக்குப் போட்டத நீ வாங்கிக்கின" என்றார்.

முதலில் மருந்து. மேடம் குழியைக் கழுவி, கிராம்பு வாசம் அடிக்கிற ஏதோ ஒன்றைத் திணித்தார். ஐந்து நிமிஷத்தில் தேவராஜ் கைக்குட்டையைக் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டு சுற்றுமுற்றும் பார்த்தார். "அண்ணா, காது கேக்குது."

பிறகு ரத்தம். கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுப் பேசினார்கள். நிறையக் கேள்வி. நேராகக் கேட்டார்கள், முகம் சுளிக்காமல். பச்சை குத்தியதைச் சொன்னேன். அந்த அம்மா எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போடும்போது என் பேரே எனக்கு வரவில்லை.

பெஞ்ச். தேவராஜ், நான், ஏழுமலை, நி. தலைக்கு மேல் மின்விசிறி. ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரம், ஒவ்வொரு இலையாக அசைந்தது, முறை வைத்தது போல. யாரோ நடைவழியில்: "மேல் பல்லா கீழ் பல்லா?" "ரெண்டும்தான்." "அப்ப ரெண்டு தடவை வா." எனக்குத் தூக்கம் வந்தது, உண்மையாகவே. பயந்தால் எனக்குத் தூக்கம் வரும், மாமனார் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனபோதும் அப்படித்தான். நி. என் கையைப் பிடித்திருந்தாள் என்பது விழித்தபோதுதான் தெரிந்தது.

தேவராஜை முதலில் கூப்பிட்டார்கள். வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றுமில்லை. நேராக நி. முன்னால் வந்து தாளை நீட்டினார். "நீயே படிம்மா. அவங்க சொன்னாங்க, நீ சொல்லு."

படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். "இல்லண்ணா. எதுவுமே இல்ல."

"அதான?" என்றார். உட்கார்ந்துவிட்டார். "எனுக்கே இன்னிக்கித்தான் தெரியும்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

எனக்கும் அது இல்லை, காமாலையும் இல்லை. கூடவே பார்த்ததில் சர்க்கரை இருக்கிறதாம். நிறைய. சந்தோஷத்தில் தலையாட்டிவிட்டு வந்தேன். பெஞ்சுக்கு வரும் பாதி வழியில்தான் புரிந்தது. ஏழுமலையைக் கேட்டார்கள், நீங்களும் பார்த்துக்கொள்கிறீர்களா என்று. அவருக்கு மறுபடியும் எல்லாம் சரியாகிவிட்டதாம்.

மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர். நி.க்கு ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை பின்னால், நிச்சயத்துக்கு. அவள் சரளாவுக்குப் போன் போட்டாள். "அம்மா" என்றாள். அதற்கு மேல் சரளாவே பேசிக்கொண்டாள் போல.

கிளம்பும்போது மேடம் தேவராஜிடம், பக்கத்துப் பல்லும் வேர் வரை சொத்தையாகிவிட்டது, வாரம் பத்து நாளில் இந்தக் குழி ஆறினதும் வந்தால் அதையும் எடுத்துவிடலாம், இன்றைக்கு அழுக்கை மட்டும் சுரண்டிச் சுத்தம் செய்து அனுப்புகிறேன், அந்தப் பக்கம் கூசும், ஒரு சின்ன ஊசி போட்டுக்கொண்டால் தெரியாது என்றார். ஊசி போட ஒரு பையனைக் கூப்பிட்டார்.

"வேணாம்" என்றார் தேவராஜ். "அந்தப் பொண்ணே போடட்டும்."

"அவ இன்னைக்கு லீவு."

"லீவுன்னா இங்க எதுக்கு நின்னுக்கினு கீது? அது போட்டா போடட்டும், இல்லாட்டி கூசட்டும் உடு. அதுக்கு நம்ம ரத்தத்தப் பத்தி எல்லாம் தெரியும். இவனுக்கு இன்னா தெரியும்?"

போய் நாற்காலியில் தானே உட்கார்ந்து, தானே வாயைத் திறந்துகொண்டார். அதற்கு மேல் அவரோடு யாரும் பேச முடியாது.

மேடம் நி.யைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் கை கழுவும் முறை, ஏழு படம். ஏழையும் பார்த்து முடித்துவிட்டேன்.

கோட்டை உதறும் சத்தம்.

"ஆறரை சைஸ் கையுறை எங்க இருக்குக்கா?"